முப்பது வீடு, ஒரே முகப்பு: பாத் நகரத்து ராயல் கிரெசன்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் தென்மேற்கே, சாமர்செட் மாவட்டத்தில் இருக்கிறது பாத் நகரம். ரோமானியர் காலத்திலிருந்தே வெந்நீர் ஊற்றுக்குப் பேர்போன ஊர். அதன் மேட்டுப் பகுதியில், சரிந்து இறங்கும் புல்வெளியைப் பார்த்தபடி பிறை வடிவில் நிற்கும் 30 வீடுகளுக்குத்தான் ராயல் கிரெசன்ட் என்று பெயர். ஊர் பார்க்க வருகிறவர்களை அங்கே கூட்டிக்கொண்டு போனால், போட்டோ எடுத்து முடித்த கையோடு கேள்விகள் தொடங்கிவிடும். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இதை ‘டெரஸ்’ என்கிறார்களே, டெரஸ் என்றால் மொட்டை மாடி இல்லையா?

தமிழ்நாட்டில் அப்படித்தான். இங்கிலாந்தில் டெரஸ் என்றால், பக்கத்து வீட்டோடு சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு வரிசையாக ஒட்டி நிற்கும் வீடுகள். மலேசியத் தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை, அங்கே ‘டெரஸ் வீடு’ என்றாலே இதுதான்.

நம் அக்ரகாரத்து வீடுகளும் இப்படித்தானே ஒட்டி நிற்கும் என்று ஒருவர் கேட்டார். ஒட்டி நிற்பது சரி. ஆனால் அங்கே ஒவ்வொரு வீட்டுத் திண்ணையும் தூணும் அந்தந்த வீட்டுக்காரர் வசதிக்கு ஏற்றபடி இருக்கும். இங்கே நோக்கமே வேறு: 30 வீடும் சேர்ந்து ஒரே மாளிகை போலத் தெரிய வேண்டும். புல்வெளியின் கீழ்க்கோடியில் நின்று பார்த்தால் யாரோ ஒரு பிரபுவின் அரண்மனை என்றுதான் நினைப்பீர்கள். கிட்டே போய்க் கதவுகளை எண்ணினால்தான் அது தெரு என்று புரியும்.

யார் கட்டியது, எப்போது?

வடிவமைத்தவர் ஜான் வுட் (1728–1782). அவருடைய அப்பா பெயரும் ஜான் வுட், அவரும் கட்டடக் கலைஞர். அதனால் மூத்தவர், இளையவர் என்று பிரித்துச் சொல்வார்கள். கிரெசன்ட் இளையவருடையது. 1767ல் அடிக்கல் போட்டு, 1775 வாக்கில் வேலை முடிந்தது.

அப்பாவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஒரு வரிசை வீடுகளை ஒரே மாளிகையாகக் காட்டும் வித்தையை 1728ல் தொடங்கிய குயின் ஸ்கொயரிலேயே அவர் செய்து பார்த்துவிட்டார். பிறகு ‘சர்க்கஸ்’ என்ற வட்டமான வீட்டு வரிசையைத் திட்டமிட்டார். கூடாரத்துச் சர்க்கஸ் இல்லை, லத்தீனில் வட்டம் என்று பொருள். 1754ல் அதற்கு முதல் கல் வைத்த சில மாதங்களிலேயே இறந்துபோனார். மகன்தான் அதை முடித்தார். முடிக்கிற கட்டத்திலேயே அடுத்த வேலையாகக் கிரெசன்ட்டையும் எடுத்துக்கொண்டார். அப்பா விட்டுப்போனது வரைபடங்கள் மட்டும் இல்லை, கடனும்தான். மகன் சாகும்போதும் கழுத்தளவு கடனில்தான் இருந்தார்.

அப்படியானால் 30 வீட்டையும் வுட்தான் கட்டினாரா?

இல்லை. இந்தக் கேள்வி வந்தால் நான் நடப்பதை நிறுத்திவிட்டு நின்று பதில் சொல்வேன், ஏனென்றால் கிரெசன்ட்டின் சூட்சுமமே இதில்தான் இருக்கிறது.

வுட் வரைந்தது முகப்பை. நிலம் சர் பெனட் கேரர்ட் என்ற நிலக்கிழாருடையது. 1766 டிசம்பரில் வுட் அதைக் குத்தகைக்கு எடுத்தார். அப்புறம் அந்த வளைவைத் துண்டு துண்டாகப் பிரித்து, இத்தனை அடி முகப்பு உங்களுக்கு, இத்தனை அடி அவருக்கு என்று உள்குத்தகைக்கு விட்டார். எடுத்தவருக்கு ஒரே ஒரு நிபந்தனை: தெருப்பக்கம் வுட் வரைந்ததுபோலவே வர வேண்டும். தூண், ஜன்னல், கொடுங்கை (சுவரின் உச்சியில் வெளியே நீளும் கல் விளிம்பு) எதிலும் கை வைக்கக் கூடாது. அந்த முகப்புக்குப் பின்னால் எத்தனை அறை, மாடிப்படி எந்தப் பக்கம், வீடு எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் அவர் இஷ்டம். தனக்கு வேண்டிய கட்டடக் கலைஞரை அவரே வைத்துக்கொள்ளலாம். அதனால் வெளியே இரண்டு வீடாகத் தெரிவது உள்ளே ஒரே வீடாக இருப்பதும் உண்டு.

வுட்டுக்கு இதில் என்ன லாபம்? இத்தனை வீட்டையும் சொந்தமாகக் கட்டி முடிக்கும் அளவுக்கு முதல் அவர் கையில் இல்லை. இந்த ஏற்பாட்டில் கட்டுமானச் செலவு உள்குத்தகைக்காரர் தலையில் விழும், வுட்டுக்கு வருஷா வருஷம் அடிமனை வாடகை வரும். கோயில் அடிமனையில் வீடு கட்டிக் குடியிருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். மண் ஒருவருடையது, மேலே நிற்கும் சுவர் வேறொருவருடையது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் நகரத் தெருக்களில் பெரும்பங்கு இந்தக் கணக்கில்தான் எழுந்தது.

பின்பக்கம் எப்படி இருக்கும்?

கோணல் மாணலாக! முன்பக்கம் ஒரே கோட்டில் ஓடும் கைப்பிடிச் சுவர், பின்பக்கம் போனால் ஒரு வீட்டுக் கூரை ஏறியிருக்கும், அடுத்தது இறங்கியிருக்கும். ஒரு வீடு பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும், பக்கத்து வீடு உள்வாங்கியிருக்கும். ஜன்னல்கள் எந்த வரிசைக்கும் கட்டுப்படாது. முன்பக்கம் சீராக வெட்டி இழைத்த கல், பின்பக்கம் பல இடங்களில் முரட்டுக் கற்களை அடுக்கிய சுவர். மழைநீர்க் குழாய்கள் மரத்தில் கொடி படர்ந்தது போல ஓடும். முன்பக்கம் ராணி, பின்பக்கம் வேலைக்காரி என்று பொருள்படும்படி உள்ளூரில் ஒரு கேலிப் பேச்சுகூட உண்டு.

இதைப் பார்த்து ‘ஏமாற்று வேலை’ என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெருவுக்கு ஒரு ஒழுங்கு, வீட்டுக்காரருக்கு ஒரு சுதந்திரம். இரண்டையும் ஒரே சுவரில் சமாளித்திருக்கிறார்கள். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் முகப்பும் ஒரே மாதிரி, உள்ளே சமையலறை வைக்கும் மூலையும் ஒரே மாதிரி என்று ஆகிவிட்டதைப் பார்த்தபின், இந்தப் பின்பக்கத்தின் மேல் எனக்குத் தனிப் பிரியமே வந்துவிட்டது.

தூண்கள் எத்தனை? அவைதான் கூரையைத் தாங்குகின்றனவா?

114 தூண்கள். ஒவ்வொன்றும் இரண்டரை அடி விட்டம். கூரையைத் தாங்குவது தூண் இல்லை, சுவர்கள்தான். தூண்கள் சுவரோடு சேர்த்துக் கட்டப்பட்டவை, பின்பகுதி சுவருக்குள் மறைந்துபோய் மீதி மட்டும் வெளியே தெரியும்.

தரைத்தளத்தைக் கவனியுங்கள், அங்கே தூணே கிடையாது. வெறும் சமமான கல் சுவர், அதில் கதவும் ஜன்னலும். தூண்கள் முதல் மாடியில் தொடங்கி இரண்டாம் மாடி வரை ஒரே மூச்சில் ஏறுகின்றன. மாடிக்கு ஒரு வரிசைத் தூண் வைக்காமல் இரண்டு மாடியையும் சேர்த்து இப்படி ஒரே தூணால் இழுத்ததில்தான் கட்டடத்துக்கு அந்தக் கம்பீரம் வந்தது. தரைத்தளம் பீடம், மேலே தூண் வரிசை, அதற்கு மேல் கொடுங்கை. கோயில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த அடுக்குமுறை அந்நியமாகத் தெரியாது.

தூணின் தலைப்பகுதி அயோனிக் வகை. ஆட்டுக்கடாவின் கொம்பு மாதிரி இரண்டு பக்கமும் சுருண்டிருந்தால் அயோனிக் என்று அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

நட்டநடுவில் மட்டும் ஒரு சின்ன மாற்றம் இருக்கிறது. அங்கே தூண்கள் இரட்டை இரட்டையாக நிற்கும், இடையில் உள்ள ஜன்னலின் தலை வளைவாக இருக்கும். வளைவு முழுவதிலும் ‘இதுதான் நடு’ என்று சொல்வதற்கு வுட் செய்தது இவ்வளவுதான்.

இவ்வளவு பெரிய கட்டடத்தில் சிற்ப வேலை எதுவுமே இல்லையே?

இல்லைதான், தெரிந்தேதான் விட்டிருக்கிறார். அப்பா வடிவமைத்த சர்க்கஸ் நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. அங்கே போய்ப் பாருங்கள். மூன்று மாடிக்கு மூன்று வகைத் தூண். கல் பட்டையில் பாம்பு, கருவிகள், கலைச் சின்னங்கள் என்று 500க்கு மேற்பட்ட சிறு செதுக்கல்கள். கைப்பிடிச் சுவரின் மேல் கல்லாலான ஓக் மரக் கொட்டைகள். மூத்த வுட்டுக்குப் பண்டைய பிரிட்டனின் துருயிடு பூசாரிகள் மேல் அப்படி ஒரு மயக்கம். மகன் அதையெல்லாம் துடைத்துவிட்டார். ஜன்னலைச் சுற்றிச் சட்டம்கூடக் கிடையாது, சுவரில் வெட்டிய செவ்வகம், அவ்வளவுதான். தூணும் வளைவும் போதும் என்று நினைத்திருக்கிறார். என் ஓட்டு மகனுக்கு.

சர்க்கஸ் பக்கம் போனால் 14ஆம் எண் வீட்டைத் தேடுங்கள். ராபர்ட் கிளைவ் கடைசிக் காலத்தில் வைத்திருந்த வீடு. சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கணக்கெழுதும் குமாஸ்தாவாக வாழ்க்கையைத் தொடங்கி, 1751ல் ஆற்காட்டு முற்றுகையால் பேர் வாங்கிய அதே கிளைவ். பாத் நகரத்துக்குப் பொழுதுபோக்க வந்து இந்த மாதிரி வீடுகளில் தங்கியவர்களின் பணத்தில் ஒரு பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் வழியாக வந்தது, இன்னொரு பகுதி மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் உழைத்த கரும்புத் தோட்டங்களிலிருந்து வந்தது. அழகை ரசிக்கும்போது இதையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஏன் வளைத்துக் கட்டினார்கள்?

முதல் காரணம் பார்வை. எதிரே கட்டடமே இல்லை. அன்றைக்கு அது மாடு மேயும் வயல்வெளி, கீழே ஏவன் ஆறு ஓடும் பள்ளத்தாக்கு. அதற்கு முன்னால் நகரத்து வீட்டு வரிசை என்றால் தெருவையோ சதுக்கத்தையோ பார்த்து நிற்கும். கிரெசன்ட் நகரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாட்டுப்புறத்தைப் பார்த்து உட்கார்ந்தது. பிறை வடிவில் எழுந்த முதல் வீட்டு வரிசை என்று இதைத்தான் பொதுவாகச் சொல்வார்கள். பிறகு பக்ஸ்டன், பிரிஸ்டல், எடின்பரோ என்று ஊர் ஊராக இந்தப் பிறை பரவியது.

வடிவம் சரியான அரை வட்டம் இல்லை, அரை நீள்வட்டம். இரண்டு முனைகளும் வளைந்து வந்து நம்மை அணைத்துக்கொள்வது போலிருக்கும். வளைவின் உட்பக்கத்தில் முகப்பு இருப்பதால், ஒவ்வொரு வீடும் தெருப்பக்கம் குறுகி, பின்னால் போகப் போக விசிறி போல விரியும். நேர்க்கோட்டுத் தெருவில் இந்தத் தொல்லை இல்லை.

சர்க்கஸ் சூரியன், கிரெசன்ட் சந்திரன், அப்பா மகன் இருவரும் சேர்ந்து வானத்தைத் தரையில் வரைந்தார்கள் என்றொரு கதையும் உண்டு. கேட்க நன்றாக இருக்கும். நான் அதற்கு மேல் அதை வளர்ப்பதில்லை.

அந்தக் கல்லுக்கு எப்படி அந்தத் தேன் நிறம்?

அது பாத் கல் என்றே பெயர் பெற்ற சுண்ணாம்புக் கல். உடைந்த ஒரு துண்டைக் கையில் எடுத்துக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தால் மீன் சினை மாதிரிப் பொடிப்பொடி உருண்டைகள் தெரியும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னால், ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலில், சிறு துகள்களைச் சுற்றிச் சுண்ணாம்பு படலம் படலமாகப் படிந்து உருண்ட மணிகள் அவை. அவை இறுகிக் கல்லானது. கல்லில் கொஞ்சம் இரும்புச் சத்து உண்டு, மஞ்சள் சாயல் அதனால் வந்தது. காலையில் கொஞ்சம் வெளிறி, மாலை வெயிலில் நாட்டுச் சர்க்கரைப் பாகு நிறத்துக்கு வந்துவிடும்.

கொத்தனாருக்கு இது வரம். எந்தத் திசையில் வேண்டுமானாலும் வெட்டலாம். பூமியிலிருந்து எடுத்த புதிதில் மரம் அறுக்கும் ரம்பம் மாதிரி ஒன்றை வைத்தே அறுத்துவிடலாம், காற்றுப் பட்டபின் மெல்ல இறுகும். ஆனால் ஒரு கட்டுப்பாடு: பூமியில் எப்படிப் படுத்திருந்ததோ அதே கிடையில்தான் சுவரிலும் படுக்க வைக்க வேண்டும். செங்குத்தாகத் திருப்பி வைத்தால் நாளடைவில் ஏடு ஏடாக உரியும்.

இந்தக் கல்லை வைத்து ஊரையே மாற்றியவர் ரால்ஃப் ஆலன் (1693–1764). தபால் துறையைச் சீர்படுத்திச் சம்பாதித்த பணத்தில் ஊருக்குத் தெற்கே கூம்ப் டவுன் கல் சுரங்கங்களை வாங்கினார். சுரங்கத்திலிருந்து ஆற்றங்கரைக்குக் கல் இறங்க மரத் தண்டவாளப் பாதை போட்டார். தன் கல்லின் தரத்தை ஊருக்குக் காட்டவே பிரையர் பார்க் என்ற மாளிகையைக் கட்டினார். அதன் கட்டடக் கலைஞர் யார் தெரியுமா? மூத்த வுட்.

பழைய படங்களில் கருப்பாக இருக்கிறதே?

கரிப்புகை. வீட்டுக்கு வீடு கணப்பு, எல்லாவற்றிலும் நிலக்கரி. புகையில் உள்ள கந்தகம் ஈரத்தோடு சேர்ந்து சுண்ணாம்புக் கல்லின் மேற்பரப்பை ஜிப்சமாக மாற்றும், அந்த ஜிப்சம் கரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மழை நேரடியாக அடிக்கும் இடங்கள் கழுவிப் போய்விடும், கொடுங்கைக்கு அடியிலும் தூணின் மறைவிலும் கருப்பு தங்கிவிடும். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாத் நகரத்துக் கட்டடங்களைச் சுத்தம் செய்தார்கள். இன்னும் மிச்சம் பார்க்க ஆசையென்றால் ஊருக்குள் ஒதுக்குப்புற வீடுகளில் கொடுங்கைக்கு அடியில் கழுத்தை நீட்டிப் பாருங்கள்.

எல்லாம் ஒரே மாதிரி என்கிறீர்கள். ஆனால் 1ஆம் எண் வீட்டு ஜன்னல் மட்டும் வேறு மாதிரி இருக்கிறதே?

இதைக் கேட்டவருக்கு நல்ல கண். இரண்டு வித்தியாசம் இருக்கிறது.

ஒன்று கண்ணாடி. 18ஆம் நூற்றாண்டில் பெரிய கண்ணாடித் தகடு கிடைப்பது அரிது. உருகிய கண்ணாடியை ஊதி, தட்டாகச் சுழற்றி விரித்து, அதிலிருந்து சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டுவார்கள். அதனால் மேல் பாதியில் 6, கீழ் பாதியில் 6 என்று மெல்லிய மரச் சட்டங்களுக்குள் சிறு கண்ணாடிகள். விக்டோரியா காலத்தில் பெரிய கண்ணாடி மலிவானதும் பலர் சட்டங்களைப் பிடுங்கிவிட்டு ஒரே பலகைக் கண்ணாடி போட்டார்கள்.

இரண்டு, ஜன்னலின் அடிப்படி. வெளிச்சத்துக்கும் காட்சிக்கும் ஆசைப்பட்டு 19ஆம் நூற்றாண்டில் பல வீடுகளில் முதல் மாடி ஜன்னலைக் கீழே இறக்கிவிட்டார்கள். 1ஆம் எண் வீட்டைப் புதுப்பித்தபோது அதைப் பழைய உயரத்துக்கே ஏற்றினார்கள். அதனால்தான் அசலைப் போல இருக்கும் வீடு வரிசையில் தனித்துத் தெரிகிறது! எனக்கு இது எப்போதும் சிரிப்பை வரவழைக்கும்.

இவை மேலும் கீழும் நகரும் ஜன்னல்கள். கிணற்று வாளிக்குக் கப்பி இருப்பது போல, பக்கச் சட்டத்துக்குள் மறைவாக ஒரு கப்பி, கயிறு, கயிற்றின் நுனியில் இரும்பு எடை. எடை சரியாக இருந்தால் ஒரு விரலால் தூக்கலாம். கயிறு அறுந்தால் ‘தட்’ என்று எடை உள்ளே விழும் சத்தத்தை ஒரு முறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

பழைய இங்கிலாந்து வீடுகளில் ஜன்னல் அடைத்திருப்பது வரிக்குப் பயந்துதானே?

பாதி உண்மை. 1696 முதல் 1851 வரை ஜன்னல் வரி இருந்தது, அதற்காக அடைத்தவர்களும் உண்டு. ஆனால் உள்ளே கணப்போ குறுக்குச் சுவரோ வரும் இடத்தில், வெளியே வரிசை கெடக் கூடாது என்று கட்டும்போதே பொய் ஜன்னல் வைப்பதும் வழக்கம். அடைத்த ஜன்னலைக் கண்ட உடனே வரி என்று சொல்லிவிட வேண்டாம்.

உள்ளே எந்த மாடியில் என்ன இருந்தது?

பொதுவான அமைப்பு இது: கீழே பேஸ்மென்ட்டில் சமையலறையும் வேலைக்காரர்களின் உலகமும். தரைத்தளத்தில் சாப்பாட்டு அறை, வீட்டுக்காரர் வந்தவரோடு உட்கார்ந்து பேசும் அறை. முதல் மாடியில் விருந்தினர் கூடம். உயரமான கூரை, பெரிய ஜன்னல், வீட்டின் பெருமை எல்லாம் அங்கேதான். அதற்கு மேல் படுக்கை அறைகள். கூரைச் சரிவுக்குள் மறுபடியும் வேலைக்காரர்கள். ஆக, வேலைக்காரர் நாள் முழுவதும் வீட்டின் அடிக்கும் முடிக்கும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும், நிலக்கரியும் வெந்நீரும் கையில்.

பேஸ்மென்ட் என்றால் பூமிக்குள் தோண்டியது என்று நினைப்போம். பாத் நகரத்தில் பெரும்பாலும் வீட்டைத் தோண்டி இறக்குவதற்குப் பதில் தெருவை உயர்த்தினார்கள். வீட்டுக்கு முன்னால் கல் வளைவுகள் கட்டி அதன்மேல் நடைபாதையை ஓட்டினார்கள். நடைபாதைக்கு அடியில் இருக்கும் அந்த வளைவு அறைகள் நிலக்கரிக் கிடங்கு. நடைபாதைக்கும் வீட்டுக்கும் இடையே உள்ள பள்ளத்தை இரும்புக் கிராதி காக்கும்.

1ஆம் எண் வீடு இப்போது அருங்காட்சியகம். 18ஆம் நூற்றாண்டு வீடு போலவே அறைகளை அமைத்திருக்கிறார்கள். சமையலறைச் சுவரில் உயரத்தில் ஒரு மரச் சக்கரம் இருக்கும், பார்க்கத் தவறாதீர்கள். அதற்குள் ஒரு குட்டை நாயை விட்டு ஓட வைப்பார்கள். சக்கரம் சுற்ற, நெருப்புக்கு முன்னால் கம்பியில் கோத்த இறைச்சி சுற்றும். அந்த நாயை நினைத்து என் அக்கா மகள் அன்றைக்கு மதியம் சாப்பிடவே மறுத்துவிட்டாள்.

புல்வெளிக்கு நடுவில் ஏன் ஒரு பள்ளம்?

அதன் பெயர் ‘ஹா-ஹா’. நிஜமாகவே அதுதான் பெயர். மேல் பாதிப் புல்வெளி கிரெசன்ட் குடியிருப்பவர்களுக்குச் சொந்தம், கீழே உள்ளது பொதுப் பூங்கா. நடுவில் வேலி போட்டால் காட்சி கெடும். அதனால் ஒரு பக்கம் செங்குத்தான கல் சுவர், மறு பக்கம் சரிவு என்று பள்ளம் எடுத்திருக்கிறார்கள். மேலிருந்து பார்ப்பவருக்குப் புல்வெளி இடைவெளி இல்லாமல் ஓடுவது போலத் தெரியும், கீழே மேயும் மாடு மட்டும் ஏறி வர முடியாது. இன்றைக்கு மாட்டுக்குப் பதில் நம்மைப் போன்ற சுற்றுலாக்காரர்கள். பூங்காவை 1830ல் திறந்து வைத்தது பின்னாளில் ராணியான விக்டோரியா, அப்போது 11 வயதுச் சிறுமி.

‘ராயல்’ பட்டம் எங்கிருந்து வந்தது?

முதலில் வெறும் ‘தி கிரெசன்ட்’தான். மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் மகன் ஃபிரெடரிக், யார்க் டியூக், இங்கே குடியிருந்த பிறகு 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ‘ராயல்’ ஒட்டிக்கொண்டது.

எனக்கு இளவரசரை விட 11ஆம் எண் வீட்டுக் கதை பிடிக்கும். பாடகி எலிசபெத் லின்லி 1772 மார்ச் மாதம் ஒரு மாலை இந்த வீட்டிலிருந்துதான் நாடக ஆசிரியர் ரிச்சர்ட் ஷெரிடனோடு ஓடிப்போனார். சுவரில் பலகை வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு வரிசையில் பாதி வீடு கட்டுமானத்தில் இருந்திருக்கும், சாரத்துக்கும் கல் குவியலுக்கும் நடுவே பல்லக்கு ஏறியிருப்பார் என்று நான் கற்பனை செய்துகொள்வேன்.

போரில் தப்பித்ததா?

முழுதாக இல்லை. 1942 ஏப்ரல் இறுதியில் ஜெர்மன் விமானங்கள் பாத் மேல் குண்டு போட்டன, 400 பேருக்கு மேல் இறந்தார்கள். கிரெசன்ட்டில் 2ஆம் எண்ணும் 17ஆம் எண்ணும் தீக்குண்டால் உள்ளே எரிந்துபோயின. பின்னர் சரிசெய்தார்கள், இன்று வெளியே நின்று பார்த்தால் தெரியாது. இளைய வுட் கட்டிய அசெம்ப்ளி ரூம்ஸ் அரங்கமும் அதே தாக்குதலில் எரிந்தது.

போருக்குப் பின் வந்த ஆபத்து வேறு வகை. 1945ல் வந்த நகரத் திட்டம் ஒன்று, கிரெசன்ட்டை நகராட்சி அலுவலகமாக மாற்றலாம் என்றது. நல்லவேளை, நடக்கவில்லை. ஆனால் 1960களில் தொழிலாளர்கள் குடியிருந்த ஜார்ஜ் மன்னர்கள் காலத்து எளிய வீட்டு வரிசைகளை ஏராளமாக இடித்துத் தள்ளினார்கள். தூண் இருந்த வீடு பிழைத்தது, தூண் இல்லாதது போனது. கிரெசன்ட்டுக்குக் கல் செதுக்கியவனின் பேரன் குடியிருந்த தெரு அந்தப் பட்டியலில் இருந்திருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஒரே ஒரு கதவு மட்டும் மஞ்சளாக இருக்கிறதே?

22ஆம் எண். மற்றவை எல்லாம் வெள்ளை. 1970களில் அந்த வீட்டு அம்மாள் மஞ்சள் அடித்தார். மாற்றச் சொல்லி நகராட்சி நோட்டீஸ் விட்டது. அவர் மசியவில்லை. விவகாரம் மத்திய அமைச்சர் வரை போய், மஞ்சள் இருக்கலாம் என்று தீர்ப்பானது. முகப்பை ஒரு அங்குலம் மாற்றக் கூடாது என்ற நிபந்தனையோடு 200 வருஷத்துக்கு முன் எழுந்த வரிசையில் ஒரு வண்ண டப்பா ஜெயித்துவிட்டது.

இப்போது யாராவது குடியிருக்கிறார்களா? ஏதாவது மாற்றிக்கொள்ள முடியுமா?

குடியிருக்கிறார்கள். சில வீடுகள் முழு வீடாகவே இருக்கின்றன, பெரும்பாலானவை பிளாட்டுகளாகப் பிரிந்துவிட்டன. நடுவில் உள்ளது ஹோட்டல்.

இது முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடம். முகப்பு மட்டும் இல்லை, உள்ளே மாடிப்படி, கணப்பு, கூரைப் பூச்சு எதையும் அனுமதி இல்லாமல் தொட முடியாது. குளிர் தாங்க இரட்டைக் கண்ணாடி போடலாமா என்று கேட்பவர்களுக்கு: பழைய ஜன்னலைக் கழற்றிவிட்டுப் பிளாஸ்டிக் சட்டம் போடுவதைக் கனவிலும் நினைக்க முடியாது. பழையதை அப்படியே விட்டுவிட்டு, அறையின் உட்புறமாக இன்னொரு கண்ணாடிச் சட்டம் பொருத்துவதுதான் வழக்கமான வழி.

எங்கிருந்து பார்த்தால் நல்லது?

நேராகக் காரில் போய் இறங்காதீர்கள். சர்க்கஸிலிருந்து பிராக் தெரு வழியாக நடந்து வாருங்கள். வேண்டுமென்றே சாதுவாக விட்ட தெரு அது. இரண்டு பக்கமும் சாதாரண வீடுகள், முன்னால் என்ன இருக்கிறது என்று துப்பே கிடைக்காது. கடைசி வீட்டைத் தாண்டி ஒரு எட்டு வைத்ததும் இடது பக்கம் வானம் திறக்கும், வலது பக்கம் 500 அடிக்கு வளைவு விரியும். என்னோடு வந்தவர்களில் பேசிக்கொண்டே வந்தவர் எவரும் அந்த இடத்தில் வாக்கியத்தை முடித்ததில்லை.

போட்டோவுக்குப் பூங்காவின் கீழ்க்கோடி, மாலை வெயில் நேரம். அப்புறம் கால் வலித்தாலும் பரவாயில்லை என்று சுற்றிக்கொண்டு பின்னால் கிரெசன்ட் லேன் சந்துக்கு வந்துவிடுங்கள். கார் கொட்டில்களுக்கும் குப்பைத் தொட்டிகளுக்கும் மேலே அண்ணாந்து பார்த்தால், ஒன்றுக்கொன்று ஒட்டாத அந்தப் பின்பக்கங்கள் வரிசையாகத் தெரியும். எது யார் வீடு என்று அங்கே எண்ண வேண்டிய அவசியமே இல்லை.